அளக்காமல் வைக்கும் வெல்டிங்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களும், சிப்காட்டில் டெஸ்பாட்ச் பார்ப்பவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

சென்ற வாரம் நம் குழுவில் ஒரு படம் வந்தது. டிரெய்லர் லாரியின் ஃபிஃப்த் வீலில் விரிசல். அதன்மேல் வெல்டிங் வைத்து, கிரீஸ் தடவி, "செலவு கம்மி, நைட்டே லோடு ஏத்தியாச்சு" என்று ஒருவர் பெருமையாகப் போட்டிருந்தார். கைதட்டல்கள் வரிசையாக விழுந்தன. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் தப்பு என்று சொல்லாமல் இருக்க முடியாது.

லாரி பற்றித் தெரியாத உறவினர்களுக்காக: ஃபிஃப்த் வீல் என்பது உருளும் சக்கரம் அல்ல. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கவைத்த ஒரு வளையத்துக்கு வந்த பெயர் அது. இன்று இழுக்கும் வண்டியின் முதுகில் இருக்கும் கனமான இரும்புத் தட்டு. டிரெய்லரின் அடியில் கிங் பின் என்று ஒரு தடித்த முளை இருக்கும். அது தட்டின் பிளவுக்குள் நுழைந்ததும் லாக் கவ்விக்கொள்ளும். பின்னால் வரும் மொத்தச் சரக்கையும் இழுப்பது அந்த ஒரு பிடிதான்.

இரண்டு அங்குல கிங் பின் புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் 50.8 மில்லிமீட்டர். தேய்ந்து 49-க்கு வந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். வித்தியாசம் 1.8 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பிளஸ் ஒன் செய்முறை வகுப்பில் நீங்கள் பிடித்த வெர்னியர் சொல்லும். அதன் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர் என்று எத்தனை முறை எழுத வைத்திருக்கிறேன்!

நம் ஊர் அளவுக்குப் பேர் போன ஊர். டைட்டன் வாட்ச் செய்யும் ஊர். டிவிஎஸ் பைக்கும் அசோக் லேலண்ட் லாரியும் செய்யும் ஊர். மைக்ரோமீட்டர் இல்லாமல் இங்கே ஒரு லேத் பட்டறைகூட ஓடாது. அப்படி அளந்து அளந்து செய்த பொருளை, ஒருவரும் அளக்காத பின்னில் மாட்டி அனுப்புகிறோம். இது வெட்கம் இல்லையா?

இனி வெல்டிங். வைக்கும் தம்பியை நான் குறை சொல்லவில்லை; சொன்ன வேலையை அவர் செய்கிறார். குறை இரும்பின் குணத்தை மதிக்காதவர்களிடம். பல ஃபிஃப்த் வீல் தட்டுகள் வார்ப்பில் செய்தவை. பின்னோ சூடாக்கிக் குளிர்வித்து உறுதியேற்றிய எஃகு. ரோட்டோரத்தில் அதன்மேல் வெல்டிங் வைத்தால் அந்த உறுதி அந்த இடத்தில் கெட்டுவிடும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் உலோகம் மொறுமொறுப்பாகி, கண்ணுக்குத் தெரியாத புது விரிசல் பிறக்கும். பழைய விரிசலை மூடிவிட்டு, பார்க்கும் வழியையும் சேர்த்து மூடுகிறீர்கள்.

சரியான ரிப்பேர் என்ன? பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, அளந்து பார்ப்பது. லாக், வேர் ரிங் தேய்ந்திருந்தால் கம்பெனி கிட் வாங்கி மாற்றுவது. தட்டில் விரிசல் என்றால் தட்டையே மாற்றுவது. போல்ட்டுகளைச் சொன்ன முறுக்குக்கு இறுக்குவது. புழுதி கலந்த பழைய கிரீஸ்மேல் புது கிரீஸ் தடவுவது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

"எஃப்.சி. ஆயிடுச்சே சார்" என்பீர்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடம் ஒருமுறை எஃப்.சி. அது அன்றைய நிலைக்கான சான்று மட்டுமே. நடுவில் தேயும் பின் சான்றிதழைப் படித்துவிட்டா தேய்கிறது? 2018-இல் இரட்டை அச்சுச் சுமை வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகக் கூடியது. சுமையைக் கூட்டிக்கொண்டீர்கள். பராமரிப்பைக் கூட்டினீர்களா?

"செலவு" என்பீர்கள். தொப்பூர் இறக்கத்தை நினையுங்கள். முப்பது கிலோமீட்டர் வேகம் அறுபதானால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. டிரெய்லர் பிரேக் சரியில்லை என்றால் அந்தத் தள்ளல் அத்தனையும் பின்மேல்தான் வந்து விழும். கழன்ற டிரெய்லர் ஓனரைத் தேடிப் போகாது. பக்கத்தில் பைக்கில் ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளையைத்தான் தேடும்.

எல்லாவற்றையும் டிரைவர் தலையில் கட்டாதீர்கள். வண்டி நின்றால் அவர் படி போகும். "இன்னைக்கே போய்ச் சேரணும்" என்று போன் செய்வது யார்? கம்பெனி கேட்டில் டிரைவரின் ஷூவைப் பார்க்கிறீர்கள், லைசென்ஸைப் பார்க்கிறீர்கள், புகைச் சான்று கேட்கிறீர்கள். கிங் பின் எப்போது அளந்தது என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா? அந்த ஒரு கேள்வியை கேட் பாஸில் சேர்க்க அதிகாரம் உள்ள என் மாணவர்கள் இதைப் படிக்கிறீர்கள். சேருங்கள்.

டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று. மாட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். இறங்கி டார்ச் அடித்து லாக் மூடியிருக்கிறதா, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். உயரம் பார்க்காமல் வேகமாக ரிவர்ஸ் வந்து மாட்டாதீர்கள். பாதி சேதம் அங்கேதான். கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் "டக்" என்று கேட்டால் வண்டியை நிறுத்துங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன் உங்கள் வண்டியின் பின்னை அளந்துவிட்டு வாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்