ஆழ்கடல் மீனுக்கும் சேர்வராயன் மலைக்கும் என்ன உறவு?

மலையில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஏற்காட்டில் ஏரி உண்டு, ஏரியில் படகு உண்டு. அதற்கு மேல் நீர்நிலை அனுபவம் எங்களுக்குக் கிடையாது. எங்கள் சந்தைக்கு வரும் கடல்மீன்கூடப் பனிக்கட்டிக்குள் படுத்துக்கொண்டு மலையேறி வருவதுதான். ஆயினும் காற்று எல்லோருக்கும் பொது. அந்தக் காற்றில் உள்ள கரியமில வாயுவின் வரவு செலவில் ஆழ்கடல் மீன்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று விலங்கியல் படிக்கப் போய்த் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு ஒரு கருத்தும் பிறந்தது. கடலின் இருட்டில் வாழும் அந்த மீன்களைப் பிடித்துத் தூளாக்கித் தீவனமாக விற்கலாம் என்ற எண்ணம் பல நாடுகளுக்கு வந்திருக்கிறது. அவை அங்கே செய்யும் வேலை எவ்வளவு என்று அளந்து முடிக்கும் முன்பு அவற்றுக்கென்று வலை இறக்கக் கூடாது என்பது என் வாதம். பேராசிரியப் பெருமக்கள் பிழையிருந்தால் திருத்துவார்களாக.

முதலில் அந்த மீனை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஆங்கிலப் பெயரைத் தழுவி லாந்தர் மீன் என்று அழைக்கலாம். விரல் நீளம் இருக்கும். வயிற்றோரம் வரிசையாகச் சிறு ஒளிப் புள்ளிகள். பகல் முழுவதும் பல நூறு மீட்டர் ஆழத்தில், சில இனங்கள் 1000 மீட்டர் வரையிலும், ஒளிந்து கிடக்கும். அந்தி சாய்ந்ததும் மேலே ஏறி வந்து மிதவை உயிரிகளைத் தின்னும். விடியும் முன்பு மறுபடி கீழே போய்விடும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாம் பேருந்தில் ஏறும் உயரம் ஏறத்தாழ 1200 மீட்டர். அதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், முனகும் எஞ்சின், அடைக்கும் காது, பின் இருக்கையில் யாருக்காவது வாந்தி. விரல் நீள மீனோ அதில் பாதி உயரத்தை ஒவ்வோர் இரவும் ஏறி, இரை தேடிவிட்டு இறங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட ஒலியலைக் கருவியைக் கடலுக்குள் செலுத்தியவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. சில நூறு மீட்டர் ஆழத்தில் கடலடி போல ஏதோ ஒன்று ஒலியைத் திருப்பி அனுப்பியது. இரவானால் அந்தத் 'தரை' மேலே வந்தது! அது தரையன்று, உயிர்களின் கூட்டம் என்பது பிறகுதான் புரிந்தது. லாந்தர் மீன்களும் அவற்றைப் போன்ற நடுஆழ உயிரினங்களும் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. உலகில் நாள்தோறும் நடக்கும் மிகப் பெரிய விலங்குப் பெயர்ச்சி இதுவே என்கிறார்கள்.

இதற்கும் கரியமில வாயுவுக்கும் என்ன தொடர்பு? காப்பித் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். நிழல் மரங்களிலிருந்து சருகு உதிர்கிறது. மரம் காற்றிலிருந்து எடுத்த கரிதான் அந்தச் சருகில் இருக்கிறது. மண்ணின் மேலே கிடக்கும் சருகு மக்கினால் அதன் கரியில் பெரும்பகுதி மீண்டும் காற்றுக்கே போய்விடும். ஆழத்தில் புதைந்து போவதோ நெடுங்காலம் தங்கும். கடலிலும் அப்படியே. மேல்நீரில் வெயில் பட்டு வளரும் நுண்ணிய பாசிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அவை மேலேயே மக்கினால் வாயு விரைவில் காற்றுக்குத் திரும்பும். ஆனால் பாசியைத் தின்ற சிற்றுயிரை லாந்தர் மீன் தின்றுவிட்டுக் கீழே இறங்கினால், அங்கே அது விடும் மூச்சும், கழிக்கும் மலமும், செத்தால் அதன் உடலும் ஆழ்நீரிலேயே சேர்ந்துவிடும். தூசுபோல் மிதந்து இறங்கும் துகள்கள் மெதுவாகப் போகும். மீனின் கழிவோ ஒரே நாளில் பல நூறு மீட்டர் இறங்கக்கூடியது. ஆழ்நீரில் சேர்ந்த கரி மறுபடி மேற்பரப்பைக் காணப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆழம் கூடினால் பல நூற்றாண்டுகள்.

இன்னொரு வழியும் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்குச் சேலத்து மண் நினைவுக்கு வந்தது. கடலில் வாழும் எலும்பு மீன்களுக்கு ஒரு சங்கடம்: சுற்றிலும் நீர், ஆனால் உப்பு நீர், உடலின் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அவை ஓயாமல் கடல்நீரைக் குடிக்கின்றன. குடித்த நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய அளவை மிஞ்சிவிடுகின்றன. குடலில் பைகார்பனேட்டைச் சுரந்து, அந்த மிகுதியை வெள்ளைக் கற்களாகத் திரட்டி வெளியே தள்ளிவிடுகின்றன. மக்னீசியம் மிகுந்த சுண்ணாம்புக் கற்கள் அவை. நம் மலையடிவாரத்து வெள்ளைக்கல்லை, அதாவது மாக்னசைட்டை, அறியாத சேலத்தார் இல்லை. அது மக்னீசியம் கார்பனேட்டு. மீனின் கல்லும் இதுவும் ஒன்றல்ல. பங்காளிகள் என்று சொல்லலாம். இரண்டிலும் கரியமில வாயு கல்லாகிக் கிடக்கிறது. தூய மாக்னசைட்டு 100 கிலோவைச் சூளையில் முழுவதும் சுட்டால் ஏறத்தாழ 52 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதை வேதியியல் மாணவர்கள் ஒரு நிமிடத்தில் கணக்கிட்டுவிடுவார்கள். கல்லுக்குள் அடங்கிய காற்று எவ்வளவு என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சான்று வேண்டியதில்லை.

2009 இல் இங்கிலாந்தின் எக்சீட்டர் பல்கலைக்கழகத்து ராட் வில்சனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கடலில் உண்டாகும் கார்பனேட்டில் 3 முதல் 15 விழுக்காடு வரை மீன்களின் குடலில் உண்டாவதாக இருக்கலாம் என்றார்கள். அதுவரை சிப்பி, பவளம், நுண்ணுயிர் ஓடு ஆகியவற்றை மட்டுமே கணக்கில் வைத்திருந்த உலகத்துக்கு இது புதுச் செய்தி. ஆனால் ஆழத்துக் குளிரிலும் அழுத்தத்திலும் வாழும் மீன்களும் இதைச் செய்கின்றனவா என்பது அப்போது தெரியாது. 2025 இல்தான் மயாமிப் பல்கலைக்கழகத்தார், சுமார் 350 முதல் 430 மீட்டர் ஆழத்தில் வாழும் ஒரு மீனைத் தொட்டியில் வைத்துச் சோதித்து, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் கல் வெளிவருவதைக் கண்டார்கள். அளவு அற்பமாகத் தோன்றலாம். ஆழ்கடல் மீன்களின் மொத்த எடையால் பெருக்கிப் பார்த்தால்தான் அதன் பெருமை தெரியும்.

அந்த மொத்த எடையில்தான் சிக்கலே இருக்கிறது. 1980 வாக்கில் நடுஆழ மீன்களின் எடை உலகெங்கும் 100 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். 2014 இல் ஒலியலைக் கணக்கை வைத்துக்கொண்டு, இல்லை, 1000 கோடி டன் வரை இருக்கலாம் என்றார்கள். பத்து மடங்கு வேறுபாடு! பழைய கணக்கு வலையில் சிக்கியதை வைத்துப் போட்டது. இந்த மீன்களோ வலை வருவதை உணர்ந்து விலகிவிடுகின்றன. எல்லா மீன்களும் சேர்ந்து மேல்நீரிலிருந்து கீழே அனுப்பும் கரி எவ்வளவு என்று அமெரிக்காவின் கிரேஸ் சபா குழுவினர் 2021 இல் தொகுத்துப் பார்த்தார்கள். கீழே இறங்கும் மொத்தக் கரியில் சராசரி 16 விழுக்காடு, ஆண்டுக்கு 150 கோடி டன் என்று வந்தது. ஆனால் அந்த 16க்கு அவர்கள் கூடவே போட்ட பிழை எல்லை 13. நம் செய்முறைத் தேர்வில் இப்படி விடை எழுதினால் என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதற்காகவே அந்தக் கணக்கை மதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஆலைப் புகையைத் துடைப்பதற்காக மீன்கள் பிறக்கவில்லை. மீனின் குடலில் கல் உண்டாகும்போதே சிறிது கரியமில வாயு வெளிப்படவும் செய்கிறது. அந்தக் கல் எந்த ஆழத்தில் கரைகிறது என்பதைப் பொறுத்தே அதனால் வரும் விளைவு. மீன்கள் செய்வது புதுச் சேவையன்று. மனிதன் தோன்றும் முன்பிருந்தே நடந்துவரும் பழைய வேலை. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. இந்த நேரத்தில் அந்தப் பழைய வேலையாட்களைக் குறைப்பது அறிவுடைமையா என்பதே என் கேள்வி. மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையை நம்பிப் பூக்கும் செடி காப்பி. மழை முறை தவறினால் எங்கள் மலையில் பூவும் இல்லை, பறிக்கும் கூலியும் இல்லை. எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று.

வலை இறக்குவார்கள் என்பது வெறும் அச்சமா? அரபிக்கடலின் வடபகுதியில் லாந்தர் மீன்கள் ஏராளம். 1970களில் நார்வே நாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே தேடிப் பார்த்தது. 10 கோடி டன் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடுகூட அதன் பின்னர் எழுந்தது. வணிக நோக்கில் பிடித்துப் பார்க்கும் முயற்சிகளும் அந்தக் கடலில் நடந்தன. நம் நாட்டில் 1984 முதல் 'சாகர் சம்பதா' என்ற ஆய்வுக் கப்பல் ஆழ்கடல் வளத்தைத் தேடி வருகிறது. கேரளத்தில் கொல்லம் கரைக்கு அப்பால் ஆழ்கடல் இறாலுக்கு இழுக்கும் வலைகளில் லாந்தர் மீன்களும் கூடவே மாட்டுகின்றன. இறாலுக்குத்தான் விலை, இவற்றைப் பெரும்பாலும் கடலிலேயே வீசிவிடுவார்கள். விலை உண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் வீசமாட்டார்கள். அதற்கென்றே வலை கட்டுவார்கள். அந்த விலையைச் சொல்லக்கூடிய இடம் நமக்கு வெகு அருகில் இருக்கிறது. 1997 வரை நம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஓயாமல் வேண்டும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கோடு மீன்தூளும் கருவாடும் சேர்ப்பதுண்டு. நம் விடுதித் தட்டில் விழும் முட்டைக்கும் கடலின் இருட்டுக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம்.

பசித்த நாட்டில் கிடைக்கும் உணவைக் கடலில் விட்டுவைப்பதா என்று பொருளியல் நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். மறுக்க எளிதான கேள்வியன்று. ஆனால் லாந்தர் மீன் நேராக ஏழையின் குழம்புச் சட்டிக்கு வரப்போவதில்லை. மெழுகுத்தன்மை கொண்ட கொழுப்பு பல இனங்களில் மிகுதி. ஆலைக்குப் போய்த் தூளாகி எண்ணெயாகித்தான் வரும். கோழிக்கு வேறு புரதம் உண்டு. மேலும் நான் மீனவர்களுக்கு எதிராகப் பேசவில்லை. பாக் நீரிணையில் இழுவலை போட்டு அல்லற்படும் மீனவர்களை ஆழ்கடலில் தூண்டில் கொண்டு சூரை பிடிக்க மாற்றும் திட்டம் 2017 இல் வந்தது. அது நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். சூரை வேறு, சூரையின் இரையாகும் சிறுமீன் வேறு. இரையை வாரிவிட்டால் சூரை பிடிக்கப் போனவன் கதி என்ன என்பதையும் பொருளியல் நண்பர் கணக்கில் சேர்க்கட்டும்.

ஆழ்கடல் ஆய்வுக்கென 2021 இல் ஒன்றிய அரசு 4,077 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. 6000 மீட்டர் ஆழத்துக்கு மூவரை இறக்கும் கலத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வருகிறது. அவ்வளவு ஆழம் போகிறவர்கள் வழியில் 500 மீட்டரில் கொஞ்சம் நின்று எண்ணிப் பார்க்கலாமே! கொல்லத்து வலைகளில் தவறி விழும் லாந்தர் மீன்களை முதலில் எடை போட்டுப் பதிவு செய்யட்டும். அவற்றின் குடலில் கல் உண்டா, எவ்வளவு என்று நம் கடலின் மீன்களிலேயே சோதித்துச் சொல்லட்டும். மயாமியில் அளந்ததை அரபிக்கடலுக்குப் பொருத்திக்கொண்டிருக்க வேண்டாம். பிராணவாயு மிகக் குறைந்த நீரடுக்கு நம் அரபிக்கடலில் இருக்கிறது. அதற்குள் பகலைக் கழிக்கும் மீனின் மூச்சுக் கணக்கு வேறாகத்தான் இருக்கும். இவை ஏட்டில் ஏறும் வரை, நடுஆழ மீனுக்கென்று தனி வலை கட்ட எந்தக் கப்பலுக்கும் உரிமம் தர வேண்டாம்.