டிராக்டருக்கு ஒரு அளவு, டிரெய்லருக்கு ஒரு அளவு.. காத்து தப்பினால் ஆபத்து!

நெல்லை:-
அறுவடை வந்துவிட்டால் பேட்டை வழியாக சேரன்மகாதேவி ரோட்டிலும், பழைய பேட்டை வழியாக தென்காசி ரோட்டிலும் டிராக்டர்களின் ராஜ்ஜியம்தான். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லை கால்வாய் பாசன வயல்களில் இருந்து நெல்லும் வைக்கோலும் டிரெய்லரில்தான் வருகிறது. மற்ற நாட்களில் செங்கல், ஜல்லி.

கிளம்பும் முன் டீசல் பார்க்கிறார்கள், இன்ஜின் ஆயில் பார்க்கிறார்கள். டிரெய்லர் டயரில் காத்து எவ்வளவு என்பது மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் காலால் ஒரு உதை, கம்பியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். விபத்துக்கு விதை விழுவது இங்கேதான்.

வயல் வேறு, ரோடு வேறு

டிராக்டரின் பெரிய பின் டயருக்கு வயலில் 12 பவுண்டு அளவுக்கே காத்து வைப்பது வழக்கம். சேற்றில் பிடிமானம் வேண்டும் என்பதே காரணம். ரோட்டில் பாரம் இழுக்கும்போது அதைக் கூட்ட வேண்டும். உழுத கையோடு அப்படியே டிரெய்லரை மாட்டிக் கிளம்பினால் வண்டி ஆடும், டயர் ஓரம் தேயும்.

டிரெய்லர் கதை வேறு. அதன் டயர் சிறியது, சுமப்பதோ டன் கணக்கில். அதற்கு டிராக்டர் டயரைப் போல பல மடங்கு காத்து தேவை. எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும்.

வெடிப்பது ஏன்?

காத்து குறைந்த டயர், ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி நிமிர்கிறது. அதில் சூடு ஏறுகிறது. வெயிலும் பாரமும் சேர்ந்தால் உள்ளே ரப்பரும் நூலும் பிரிந்து, ஒரு கட்டத்தில் டமார்! ஒரு பக்க டயர் இறங்கினால் பாரம் முழுவதும் அந்தப் பக்கம் சாயும். உயரமாக வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் என்றால் கவிழ வேறு காரணமே தேவையில்லை. தனி பிரேக் இல்லாத டிரெய்லர்களும் ஓடுகின்றன. பாரத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் அறுப்பு நாட்களில் கூலி ஆட்கள் மூட்டை மேலே உட்கார்ந்து வருவது வாடிக்கை. டயர் வெடித்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அவர்கள்தான்.

அமெரிக்காவிலேயே இந்தக் கதி

2000-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த டயர்கள் பிரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் கவிழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அப்போது எழுந்த சண்டைகளில் ஒன்று காத்து பற்றியது. ஃபோர்டு சொன்ன அளவு 26 பவுண்டு, டயர் கம்பெனி கேட்டது 30. வெறும் 4 பவுண்டுக்கு இரண்டு பெரிய கம்பெனிகள் மல்லுக்கட்டின. நம்ம ஊரில் அளந்து பார்ப்பதற்கே யோசனை!

என்ன செய்யலாம்?

காலையில் வண்டி ஓடும் முன், டயர் ஆறியிருக்கும்போது மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஓடிய பிறகு சூட்டில் காத்து கூடித்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் அளவு குறைந்து போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். அதிக பாரம் ஏற்றிவிட்டு காத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்பதும் தப்புக் கணக்கு. டயருக்கு எழுதிய பாரத்தைத் தாண்டினால் எந்தக் காத்தும் காப்பாற்றாது. 2019 செப்டம்பர் முதல் அதிக பாரத்துக்கு அபராதமே 20 ஆயிரம் ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 2 ஆயிரம் தனி.

போலீசாரும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளும் ஹெல்மெட், லைசென்ஸ் பார்ப்பதோடு, அறுவடை நாட்களில் டிரெய்லர் டயரையும் ஒரு முறை குனிந்து பார்த்தால் நல்லது. ஒரு மீட்டர் விலை சில நூறு ரூபாய். மூட்டை மேல் உட்கார்ந்து வருகிறவர் உயிருக்கு விலை ஏது?