மின் சிக்கனத்திற்குக் காப்புரிமை தகுமா?

அறிவியல் வளர வளர, அறிவுக்கு உரிமையாளர் யார் என்னும் வினாவும் உடன் வளர்ந்து வருகிறது. நிலத்திற்குப் பட்டா உண்டு. வீட்டிற்குப் பத்திரம் உண்டு. புதிதாகக் கண்டுபிடித்த பொறிக்குக் காப்புரிமை உண்டு. ஆனால், "இன்ன நேரத்தில் இன்ன உறுப்பை அணைத்து வைத்தால் மின்சாரம் மிச்சமாகும்" என்னும் ஒரு வழிமுறைக்குப் பட்டா கொடுக்கலாமா? கையில் பிடித்துக் காட்ட முடியாத ஒன்றை ஒருவர் தமக்கே உரியது என்று வேலி கட்டலாமா? நாம் ஒவ்வொருவரும் சட்டைப் பையில் வைத்திருக்கும் செல்போனுக்குள்ளேயே இந்த வினா உறங்கிக் கொண்டிருக்கிறது.

ஆம், உறங்கிக் கொண்டிருக்கிறது என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. செல்போன் தன் வாழ்நாளின் பெரும் பகுதியை உறக்கத்திலேயே கழிக்கிறது. யாராவது அழைக்கிறார்களா என்று அது இடைவிடாமல் காது கொடுத்துக் கொண்டிருந்தால், அதன் பாட்டரி விரைவிலேயே வற்றிப் போகும். எனவே கோபுரமும் செல்போனும் முன்கூட்டியே ஓர் உடன்பாடு செய்து கொள்கின்றன. "உனக்கு அழைப்பு வந்தால் இந்த நொடியில்தான் சொல்வேன், மற்ற நேரம் நீ உறங்கலாம்" என்பதே அந்த உடன்பாடு. பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஏறத்தாழ அரை வினாடி முதல் இரண்டு வினாடிக்கு ஒரு முறை செல்போன் கண் விழித்துப் பார்த்தது. நான்காம் தலைமுறையில் இந்த இடைவெளி 0.32 வினாடி முதல் 2.56 வினாடி வரை. விழிப்பு என்பது ஒரு கணம், மீண்டும் உறக்கம்.

இது ஒரு வழி. இரண்டாவது வழி மௌனம். இருவர் உரையாடும்போது ஒருவர் பேச, மற்றவர் கேட்கிறார். கேட்பவருடைய செல்போன் அந்த நேரத்தில் அலைபரப்புவதை ஏறக்குறைய நிறுத்திக் கொள்கிறது. மூன்றாவது வழி மென்குரல். பழைய ஜி.எஸ்.எம். செல்போன் ஒன்று அதிக அளவாக 2 வாட் வரை அலைபரப்ப வல்லது. கோபுரம் பக்கத்திலிருந்தால் சில மில்லிவாட்டுக்கு இறங்கி விடும். அருகில் இருப்பவரிடம் கூவிப் பேச வேண்டியதில்லை அல்லவா? திண்டுக்கல் நகருக்குள் இரண்டு நாள் தாங்கும் பாட்டரி, சிறுமலைச் சரிவில் கோபுரம் எட்டாத இடத்திற்குச் சென்றால் ஒரே நாளில் இறங்கி விடுவதன் இரகசியம் பெரிதும் இதுவே. அங்கே செல்போன் உரக்கக் கூவுகிறது; அடிக்கடி கோபுரத்தைத் தேடியும் அலைகிறது.

உறக்கம், மௌனம், மென்குரல் என்ற இம்மூன்றும் உழைப்பின்றிக் கிடைத்தவை அல்ல. எவ்வளவு நேரம் உறங்கினால் அழைப்பு தவறாது? எதைக் கேட்டவுடன் விழிக்க வேண்டும்? மௌனத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எதிர்முனை அடியோடு அமைதியாகி விட்டால், கேட்பவர் இணைப்பு அறுந்தது என்று எண்ணி "ஹலோ, ஹலோ" என்று கத்துவார். ஆகவே கேட்கும் செல்போனே மெல்லிய இரைச்சல் ஒன்றை உண்டாக்கி, இணைப்பு உயிரோடிருப்பதாக உணர்த்துகிறது. இதற்குக் கூட எரிக்சன் நிறுவனம் நம் நாட்டில் காப்புரிமை பெற்றது.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முறைக்கு உரிமை கேட்பது புதிய வழக்கமும் அன்று. ஜேம்ஸ் வாட் 1769-ஆம் ஆண்டு பெற்ற புகழ்பெற்ற காப்புரிமை, நீராவியையும் எரிபொருளையும் குறைவாகச் செலவிடும் "முறை" ஒன்றுக்கே வழங்கப்பட்டது. பழைய நியூகோமன் பொறியோடு ஒப்பிட்டு, மிச்சமான நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைப் போல்ட்டனும் வாட்டும் கட்டணமாக வாங்கினார்கள். சிக்கனத்திற்கே கட்டணம்! "இது பொறியா, வெறும் தத்துவமா? தத்துவத்திற்கு உரிமை தரலாமா?" என்று 1795-இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காடினர். நீதிபதிகள் நால்வரும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தனர். 1799-இல் வேறொரு வழக்கில் தீர்ப்பு வாட்டின் பக்கம் நின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் கேட்பது அதே கேள்விதான். நிலக்கரி போய் பாட்டரி வந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். தமிழகம் தந்த சட்ட மேதை நீதியரசர் என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திற்கு அடித்தளம். அது 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. உலக வர்த்தக உடன்படிக்கையை ஒட்டி 2002-இல் செய்த திருத்தம், மூன்றாம் பிரிவில் 'கே' என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. கணித முறை, வணிக முறை, கணிப்பொறி நிரல் அதனளவில், படிமுறை ஆகியவை கண்டுபிடிப்பு ஆகமாட்டா என்பது அதன் சாரம். 2004-இல் ஓர் அவசரச் சட்டம் இந்த வேலியைச் சற்றுத் தளர்த்தப் பார்த்தது. தொழில்துறையில் நுட்பப் பயன் தரும் நிரல்களை விலக்கிலிருந்து விடுவிக்க முனைந்தது. 2005-இல் நாடாளுமன்றம் அதை ஏற்காமல் பழைய சொற்களையே நிலைநிறுத்தியது.

அவ்வாறாயின், செல்போனை உறங்க வைக்கும் முறை வெறும் படிமுறைதானே, அதற்கு உரிமை இல்லை என்று முடித்து விடலாமா? அங்கேதான் "அதனளவில்" என்ற ஒற்றைச் சொல் குறுக்கே நிற்கிறது. ஃபெரிட் அலானி என்பவர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இச்சொல்லை விளக்கியது. கணிப்பொறி நிரலைத் தொட்ட காரணத்தாலேயே எல்லாவற்றையும் தள்ளக்கூடாது. நுட்ப விளைவோ நுட்பப் பங்களிப்போ காட்டும் கண்டுபிடிப்பு உரிமைக்குத் தகுதியுடையதே என்பது அதன் கருத்து. நுட்ப விளைவு எது? 2013-இல் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டியில் கூடுதல் வேகம், நினைவகச் சிக்கனம், வானொலி அலைகளை மேலும் நன்றாக அனுப்புதலும் பெறுதலும் முதலியவை எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டிருந்தன. எரிக்சன் நிறுவனம் முன்னர்க் கூறிய இரைச்சல் முறை உள்ளிட்ட எட்டுக் காப்புரிமைகளைக் காட்டி லாவா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், இவை படிமுறைகளே என்ற எதிர்வாதம் எழுந்தது. எனினும் 2024 மார்ச்சில் ஏறத்தாழ 244 கோடி ரூபாய் இழப்பீடு தருமாறு டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. கோடிகள் புரளும் விவகாரம். அந்தக் கோடிகளின் ஒரு துளி, நாம் வாங்கும் ஒவ்வொரு செல்போனின் விலையிலும் கலந்திருக்கிறது.

என் கருத்தை மறைக்காமல் சொல்லி விடுகிறேன். மின் சிக்கன முறைக்குக் காப்புரிமை தரலாம்; ஆனால் மூன்று நிபந்தனைகளின் பேரில் மட்டுமே தரவேண்டும்.

முதலாவது, உரிமை கேட்பவர் பயனைச் சொல்லாமல் செயலைச் சொல்ல வேண்டும். எந்த உறுப்பு, எப்போது, எதைக் கண்டு உறங்கும், எதைக் கண்டு விழிக்கும் என்று விவரித்துக் காட்ட வேண்டும். "மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்லா வழியும் எனதே" என்பாருக்கு இடமில்லை. தந்தியைக் கண்ட மோர்ஸ், மின்காந்த ஆற்றலால் தொலைவில் எழுத்துப் பதிக்கும் எந்த வழியும் தமக்கே உரியது என்று கேட்டார். 1854-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை மட்டும் தள்ளுபடி செய்தது. அவர் செய்து காட்டிய தந்தி அவருடையது. இனி வரப்போகும் தந்திகள் அவருடையவை அல்ல.

இரண்டாவது, சிக்கனம் அளந்து காட்டத் தக்கதாக இருக்க வேண்டும். நம் இயற்பியல் ஆய்வுக் கூடத்து அம்மீட்டரில் முள் இறங்கிக் காட்டினால், அது வெறும் கணக்கு அன்று. உலகில் நிகழும் மாற்றம். தாளோடு முடிந்து போகும் சூத்திரத்திற்கும் பாட்டரியைத் தொடும் முறைக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே என்பது என் துணிபு. அத்தோடு, அந்தச் சிக்கனம் எவருக்கும் தோன்றக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பதற்கு எவரும் உரிமை கேட்க முடியாது. செல்போன் திரையைச் சும்மா இருக்கும்போது அணைப்பதும் அதைப் போன்றதே.

மூன்றாவது, அம்முறை எல்லாச் செல்போனும் பின்பற்றியே தீரவேண்டிய உலகத் தரத்தில் இடம்பெற்று விட்டால், உரிமையாளர் அதை எல்லோருக்கும் நியாயமான, பாகுபாடற்ற கட்டணத்தில் தந்தாக வேண்டும். ஊருக்கு ஒரே கிணறு என்றாகி விட்டால், கிணற்றுக்குச் சொந்தக்காரர் தண்ணீரை மறுக்கலாகாது.

இந்நிபந்தனைகள் ஏன் தேவை என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே பாடம் இருக்கிறது. ஒரே செல்போனில் பல சிம் அட்டைகளைப் பயன்படுத்தும் முறைக்கு மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார் 2008-இல் காப்புரிமை பெற்றார். அதைக் காட்டி 2009-இல் இரட்டைச் சிம் செல்போன்களின் இறக்குமதி சுங்கத்தில் தடுக்கப்பட்டது. பெரு நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. 2012-இல், அந்நாளில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அக்காப்புரிமையை நீக்கியது. தனி மனிதர் ஒருவரின் முயற்சியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. சிறிய ஊர்க்காரரும் உலக நிறுவனங்களைக் கேள்வி கேட்கலாம் என்று காட்டியவர் அவர். ஆனால் கொடுக்கும்போதே நன்கு சலித்துப் பார்த்திருந்தால், நான்காண்டு இழுபறி யாருக்கும் நேர்ந்திராது. தராமல் விட்டால் ஒருவருக்குத்தான் நட்டம். தகாததைத் தந்து விட்டால் ஊருக்கே நட்டம்.

"அறிவு காற்றைப் போன்றது, அதற்கு உரிமையே கூடாது" என்று வாதிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் உரிமை இல்லாத இடத்தில் அறிவு எப்போதும் காற்றாக உலவுவதில்லை; பல சமயம் பூட்டுக்குள் போய் விடுகிறது. பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டின் உள்ளமைப்பும் கள்ளத் திறவுகோலை ஏமாற்றும் நுட்பமும் தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து தொழிலாளிக்கும் கைவழியாகவே வந்தன. அலிகாரின் இயந்திரப் பூட்டுகள் சந்தையை நிரப்பியபோது பட்டறைகள் சுருங்கின. கைகள் ஓய்ந்தபோது நுட்பங்களும் அவற்றோடு ஓய்ந்தன. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமையே. எனினும் அது பெயரைக் காக்குமே தவிர, பொறியின் நுட்பத்தை எழுதி வைக்காது. காப்புரிமையோ ஓர் ஒப்பந்தம்: "உன் நுட்பத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதிக் கொடு, இருபது ஆண்டு உனக்கு உரிமை, அதன்பின் அது ஊர்ச்சொத்து."

இருபது ஆண்டு என்பது செல்போன் துறைக்கு நீண்ட காலமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பதினான்கு ஆண்டே தந்தது. உலக உடன்படிக்கை அதை இருபதாக்கியது. காலத்தைக் குறைப்பது தனியொரு நாட்டின் கையில் இல்லை. ஆகவே வாயிலில் நிற்கும் காவலர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இதில் நமக்கென்ன பங்கு என்று கேட்கலாம். வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் உழவர்கள் வீட்டிலிருந்தபடியே செல்போனால் தோட்டத்து மோட்டாரை இயக்குகிறார்கள். நாளை கிணற்று நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் சொல்லும் கருவிகள் வயல்தோறும் வரும். அவற்றுக்கு மாதாமாதம் பாட்டரி மாற்ற யாரால் முடியும்? அதற்காகவே நாற்பது நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து உறங்கும் முறைகள் உலகத் தரத்தில் புகுந்திருக்கின்றன. ஒரே பாட்டரியில் பத்தாண்டு ஓடவேண்டும் என்பது அவற்றின் குறிக்கோள். அந்த உறக்கத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது, நம் உழவர் வாங்கும் கருவியின் விலையைத் தீர்மானிக்கும்.

மாணவத் தோழர்களே! காப்புரிமை விண்ணப்பங்கள் வெளியிடப்பட்டபின் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். தகுதியற்ற விண்ணப்பத்தை உரிமை வழங்கும் முன்பே எதிர்க்க, சட்டத்தின் 25-ஆம் பிரிவு "எவரும்" என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நாமே ஒன்றைக் கண்டுபிடித்தால், கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் நூற்றுக்கு எண்பது சலுகையும் உண்டு. பட்டம் பெறுமுன் ஒவ்வோர் அறிவியல் மாணவரும் ஒரு காப்புரிமை ஆவணத்தையாவது முழுமையாகப் படிக்கட்டும். நம் கல்லூரி ஆய்வுக் கூடம் ஆண்டுக்கு ஒரு மின் சிக்கன முறையையாவது அளந்து பார்க்கட்டும். அளக்கத் தெரிந்தவருக்கே, எது கண்டுபிடிப்பு, எது வெறும் வேலி என்று பிரித்துச் சொல்லவும் தெரியும்.