அலையும் மலையும்

'முன்னணி நடிகை' என்கிறோம். 'பின்னணிப் பாடகி' என்கிறோம். இரண்டுமே படைகளை அணிவகுத்த காலத்துச் சொற்கள். பேச்சில் முன்னணி என்றால் பெருமை. ஆனால் படத்தில் முன்னால் இருப்பது பெரியது என்று அர்த்தமில்லை. பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்!

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட பேரலைப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் வானளாவ எழும்பும் அலை. அதனடியில் மூன்று படகுகள். அலையின் பள்ளத்தில், தொலைவில், சின்னஞ்சிறு மேடு ஒன்று. அதுதான் 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலை! அந்தப் படவரிசையின் பெயரே 'ஃபூஜி மலையின் 36 காட்சிகள்'தான்.

நம் வீட்டுக் கதையும் இதுதானே, சகோதரிகளே? மாமியார் நேற்றுச் சொன்ன சுடுசொல் கண் முன்னால் நிற்கிறது. உங்கள் பிரசவத்தின்போது அவர் கண் விழித்த இரவுகளோ எங்கோ தொலைவில் தெரிகின்றன.

சுடுசொல் வலிக்காது என்று நான் சொல்லவில்லை. படகில் இருப்பவனுக்கு அலை பொய்யா, என்ன? துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சற்று நேரத்தில் அலை அடங்கிவிடும். மலை அங்கேயே இருக்கும். பதில் சொல்ல வாயெடுக்குமுன், அலைக்கு அப்பாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!