மீன் செத்தது திருஷ்டியாலா, நம்மாலா?

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "வீட்டுக்கு ஏதோ கெட்டது வர இருந்துச்சு, அதை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." எங்கள் வீட்டிலும் பாட்டி இதைத்தான் சொன்னார். கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆறுதல்தான் அடுத்த மீனையும் கொல்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

தில்லை நகரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு இரண்டடி தொட்டி இருந்தது. அதில் ஐந்து கோல்டு ஃபிஷ். பெயர் வைத்து வளர்த்தது என் தங்கை. மீன்கள் பெரிதாகிவிட்டன, பாவம் இடம் போதவில்லை என்று மூன்றடி தொட்டி ஒன்று வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேலையை ஆரம்பித்தேன். பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டினேன். கூழாங்கற்களையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பளிச்சென்று ஆகும் வரை தேய்த்துக் கழுவினேன். புதுத் தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, வலையில் மீன்களை அள்ளி அப்படியே விட்டேன். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்!

சாயங்காலம் ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் காலையில் இரண்டு மிதந்தன. நான்காவது நாள் இன்னொன்று. பாட்டி திருஷ்டி என்றார். தங்கை மட்டும் என்னைப் பார்த்து, "நீ தண்ணி மாத்துன அன்னைக்குத்தானே அண்ணா ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பெண் கேட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். திருச்சியில் குழாயில் வருவது காவிரி, கொள்ளிடம் தண்ணீர். நாம் குடிப்பதற்காகக் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்கோ செவுளை அரிக்கும் விஷம். இது முதல் தப்பு.

இரண்டாவது தப்புதான் பெரியது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். அதை இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது அவ்வளவு ஆபத்து இல்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நான் அழுக்கு என்று தேய்த்துக் கழுவியது அந்த உயிர்களைத்தான்! புதிதாக அவை வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடானால் அம்மோனியாவின் விஷம் கூடும், பிராண வாயு குறையும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "உறை ஊத்தாம பாலை வெச்சுட்டுத் தயிரைத் தேடுனியாக்கும்" என்றார். நான் படித்ததை எல்லாம் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பழைய ஸ்பாஞ்ச்தான் உறைமோர். அதைக் கழுவி ஊற்றிவிட்டால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் இல்லை.

பிழைத்த இரண்டையும் பழைய தொட்டிக்கே மாற்றினேன். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்துக் காப்பாற்றினேன். பெரிய தொட்டிக்கு உறை வேண்டுமே? மீன்கள் ஆரோக்கியமாக இருக்கும் நண்பன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வாங்கி, அந்தத் தண்ணீரிலேயே நனைத்து எடுத்து வந்து இரண்டு தொட்டியிலும் பாதி பாதி போட்டேன். பக்கத்து வீட்டில் உறைமோர் கடன் வாங்குவதில்லையா, அது மாதிரி!

இரண்டு மாதம் கழித்து மறுபடி மாற்றியபோது செய்தது இவ்வளவுதான். மூன்றடி தொட்டி நிறைந்தால் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால் முதலில் உறுதியான மேஜை, அதன்மேல் தெர்மாகோல். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடவிட்டேன். மாற்றும் நாளுக்கு முந்தின நாள் மீனுக்குத் தீனி இல்லை. பழைய தொட்டித் தண்ணீரில் பாதியைப் புதுத் தொட்டியில் ஊற்றினேன். பழைய ஃபில்டரைக் கழுவாமல், காய விடாமல் உடனே மாட்டினேன். மீன்களைப் பழைய தண்ணீரோடு பையில் போட்டு 20 நிமிடம் மிதக்கவிட்டேன். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் புதுத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து, லைட்டை அணைத்துவிட்டு, மீனை மட்டும் உள்ளே விட்டேன். புது மீன் எதையும் ஒரு மாதம் வாங்கவில்லை. போர் தண்ணீர் உள்ளவர்களுக்குக் குளோரின் பிரச்சினை இல்லை. ஆனால் உப்பு அதிகம் இருக்கலாம் என்பதால் இந்த டம்ளர் கணக்கை இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

ஒரு மீன்தானே, இதற்கு இவ்வளவு அலட்டலா என்று சிலர் கேட்கலாம். நன்றாக வைத்தால் கோல்டு ஃபிஷ் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். உருண்டைக் கிண்ணத்தில் அதை வளர்க்கக் கூடாது என்று ரோம் நகராட்சி 2005-ல் தடையே போட்டது. நாமோ வாங்கிய மீன் ஒரு மாதத்தில் செத்தால் அதுதான் இயல்பு என்று நினைக்கிறோம், அடுத்த வாரம் இன்னொன்று வாங்குகிறோம். தொட்டி விற்கும் கடைகளும் "இன்னைக்குத் தொட்டி மட்டும் கொண்டு போங்க, மீனுக்கு அடுத்த மாசம் வாங்க" என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சொன்னால் அன்றைய வியாபாரம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் மீன் பிழைத்தவர்தான் மறுபடியும் கடைக்கு வருவார்.

புது வீட்டுக்குப் போகும்போது நாள் பார்த்து, பால் காய்ச்சி, நிதானமாகத்தான் குடி போகிறோம். மீனுக்கும் அந்த நிதானத்தைக் கொடுத்தால் என்ன? திருஷ்டி மேல் பழி போடும்வரை நாம் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. "நான்தான் தப்பு செய்தேன்" என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் அடுத்த மீன் பிழைக்கும்.

எங்கள் வீட்டு இரண்டு மீன்களும் இப்போது நன்றாக இருக்கின்றன. தங்கையும் என்னை மன்னித்துவிட்டாள். ஆனால் தண்ணீர் மாற்றும்போது மட்டும் பக்கத்திலேயே நின்று கண்காணிக்கிறாள்!