கவ்வியை விடுவிக்குமுன்

இருதயத்தின் இடப்பக்கத்திலே, சோணையறைக்கும் இதயவறைக்கும் நடுவில், இரண்டு மெல்லிய இதழ்களாலான கதவொன்று உண்டு. மாணவர்கள் இதனை இருகூர் வால்வு என்று படித்திருப்பார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை திறந்து மூடும் இக்கதவு, முதுமையிலோ இருதயம் வீங்கித் தளர்ந்தபோதோ சரிவரப் பொருந்தாமற் போவதுண்டு. அப்போது முன்னே செல்லவேண்டிய குருதியில் ஒரு பங்கு பின்னோக்கி ஒழுகும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரவிலே தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே கண்ணயரும் ஆச்சிமாரை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அதனைத் தொய்வு என்றெண்ணிக் கஷாயம் காய்ச்சிய வீடுகளும் உண்டு.

நெஞ்சைத் திறந்து, இருதயத்தை நிறுத்தி, வால்வைச் செப்பனிடும் சத்திரசிகிச்சையை உடல் வலுவிழந்த முதியோர் பலர் தாங்கமாட்டார்கள். இவர்களுக்கு வழி பிறந்தது ஓர் எளிய யுக்தியால். இத்தாலிய சத்திரவைத்தியர் அல்ஃபியேரி 1991இல், ஒழுகும் வால்வின் இரு இதழ்களையும் நடுவிலே சேர்த்துத் தைத்தார். சாளரத்தில் தொங்கும் இரு திரைச்சீலைகளை நடுவிலே ஓர் ஊசியால் இணைத்துவிட்டால், இருபுறமும் இரண்டு வழிகள் இருக்குமல்லவா? அவ்வாறே குருதி இரு வழியாகச் செல்லும். நடுவிலிருந்த ஒழுக்கு அடைபடும். தையலுக்குப் பதிலாகச் சிறு கவ்வியொன்றை வைக்கும் முறை 2003இல் வெனிசுவெலாவின் தலைநகரில் முதன்முதலாக ஒரு மனிதரிடம் கையாளப்பட்டது. ‘மைத்ராகிளிப்’ என்பது அதன் பெயர். கோபாற்றும் குரோமியமும் கலந்த உலோகத்தாலானது; மேலே பொலியெஸ்தர் துணி போர்த்தியது.

தொடையின் நாளத்தினூடே குழாயொன்றை ஏற்றி, சோணையறைகளைப் பிரிக்கும் சுவரிலே துளையிட்டு, இடப்பக்கத்தை அடைகிறார்கள். இருதயமோ துடித்துக்கொண்டே இருக்கிறது! கதிர்ப்படத்திலே கவ்வியின் உலோகம் தெரியும். இதழ்கள் நன்கு தெரியா. ஆகவே உணவுக் குழாயினுள் ஒரு கருவியை இறக்கி, எக்கோ எனப்படும் கழியொலிப் படத்தால் அவற்றைப் பார்க்கிறார்கள்.

இங்கே மாணவர்க்கு ஒரு செய்தி. 1953இல் சுவீடன் நாட்டு எட்லர் என்ற வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும், உலோகத்தில் வெடிப்புண்டா எனச் சோதிக்கும் கருவியொன்றைக் கொண்டே இருதயத்தின் அசைவை முதலிற் பதிவு செய்தார்கள். 1847இல் அமெரிக்காவிலிருந்து நம் குடாநாட்டுக்கு வந்து, மானிப்பாயிலே தமிழ்மொழியில் மேல்நாட்டு வைத்தியம் பயிற்றிய சாமுவேல் கிறீன், உடற்கூறுகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடி நூல்கள் ஆக்கினார். அக்காலத்தில் உயிருள்ள மனிதனின் வால்வைக் கண்ணாற் காண வழியில்லை. மார்பிலே செவி வைத்து அறியலாம், அவ்வளவே.

இனி, நாம் சொல்லவந்த இடத்துக்கு வருவோம். கவ்வி இதழ்களைப் பற்றிவிட்டது. படத்திலே ஒழுக்கும் குறைந்துவிட்டது. உடனே விடுவித்துவிடலாமா? ஆகாது. ஓர் இதழ் நன்றாக உட்புகுந்து, மற்றையது நுனியில் மட்டும் அகப்பட்டிருந்தாலும் ஒழுக்கு அந்நேரத்தில் குறைந்து தோன்றும். கிணற்றில் இறக்குமுன் வாளியின் முடிச்சை இழுத்துப் பார்ப்பதுபோல இங்கே பலமாக இழுத்துப் பார்க்கவும் முடியாது, இதழ் கிழியும். எனவே பல கோணங்களில் எக்கோவைத் திருப்பி, இரண்டு இதழும் கவ்வியின் புயங்களுக்குள் ஆழ அமர்ந்தனவா, அசையாது நிற்கின்றனவா என்று தனித்தனியே பார்க்கிறார்கள். கவ்வியின் பூட்டு நிற்கிறதா என்பதையும் மெல்லத் திறக்க முயன்று சோதிக்கிறார்கள்.

இன்னொன்றையும் அளக்கவேண்டும். ஒழுக்கை அடைக்கும் ஆர்வத்தில் வழியையே ஒடுக்கிவிட்டால், ஒரு நோய் போய் மற்றொரு நோய் வரும். வால்வின் இருபுற அழுத்த வித்தியாசம் சராசரி 5 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டாமல் இருப்பதையே பொதுவாக விரும்புவர். மயக்கத்திலே இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பதால் ஒழுக்கு குறைவாகத் தோற்றி ஏமாற்றுவதும் உண்டு. அழுத்தத்தை மருந்தால் உயர்த்திப் பார்த்தபின் தீர்மானிப்பதே தக்கது.

இவ்வளவும் கவ்வி குழாயோடு பிணைந்திருக்கும்வரைதான். பிடி சரியில்லையெனில் திறந்து மறுபடி பற்றலாம். முற்றாக வெளியே எடுத்தும் விடலாம். விடுவித்தபின் அவ்வாறு திரும்ப எடுக்க இயலாது. அமெரிக்காவில் முதலிற் சிகிச்சை பெற்ற 107 பேரின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவர்களுள் 10 பேருக்குக் கவ்வி ஓர் இதழிலிருந்து கழன்றிருந்தது. மற்றைய இதழ் பற்றிக்கொண்டிருந்தமையால் ஒருவருக்கேனும் அது குருதியோடு அடித்துச் செல்லப்படவில்லை. அனுபவம் கூடவும் படங்கள் தெளியவும் இக்குறை அருகிவருகிறது.

நான்காம் முறையும் திறந்து பற்றும் வைத்தியரைக் கைதேறாதவர் என்று வெளியே காத்திருக்கும் உறவினர் நினைக்கக்கூடும். நமக்கோ, அவரிடத்திலேதான் நம்பிக்கை அதிகம். கொழும்புக்கோ சென்னைக்கோ இச்சிகிச்சைக்காக ஒருவரை அழைத்துச் செல்பவர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்பதோடு நில்லாது, எஞ்சிய ஒழுக்கு எவ்வளவு, வால்வின் அழுத்த வித்தியாசம் எவ்வளவு, அடுத்த எக்கோ எந்நாளில் என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ஊர் திரும்பியபின் பார்க்கும் வைத்தியருக்கு அந்தக் கடதாசி வேண்டியிருக்கும்.