கோர் கூடினால் போதுமா? பாலாற்றுக் கண்காணிப்பும் 'ரியல் டைம்' கணக்கும்

தோல் கழிவால் பாலாறு பாழான வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிப்பது, கண்காணிக்க ஒரு குழு எனப் பல உத்தரவுகள் அதில் உள்ளன. 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்று வேலூர் வழக்கில் 1996இல் சொல்லப்பட்டு 28 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தீர்ப்பு இது.

இப்போது கண்காணிப்பு என்றாலே 'ரியல் டைம்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. அந்தக் கருவிகளுக்குப் பின்னால் இருக்கும் கணினி எப்படி வேலை செய்ய வேண்டும்?

ரியல் டைம் என்றால் வேகமா?

இல்லை. கெடுவுக்குள் முடிப்பதுதான் ரியல் டைம். கழிவுத் தொட்டியின் மட்டம் எல்லையைத் தாண்டினால் குறிப்பிட்ட நொடிகளுக்குள் பம்ப் நிற்க வேண்டும். கெடு தாண்டி வரும் சரியான பதிலும் தவறான பதில்தான். மாத அறிக்கை பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வேலையும் ஒரே கணினியில் ஓடும்போது எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பதற்குப் பெயர்தான் ஷெட்யூலிங்.

நாலு கோர் இருந்தா பிரச்சினை தீர்ந்துடாதா?

கோர் என்பது கணினி சிப்புக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. ஆம்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான டிரம்மை வைத்தே இதைப் பார்க்கலாம்.

ஒரு தொழிற்சாலையில் 4 டிரம்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு ஐந்து லாட் வருகின்றன. நான்கு சின்னவை, ஒவ்வொன்றுக்கும் 1 மணி நேரம், கெடு மாலை 4 மணி. ஐந்தாவது பெரியது, நிறுத்தாமல் 10 மணி நேரம் சுற்ற வேண்டும், கெடு மாலை 4.30.

'யாருக்குக் கெடு முந்தியோ அவருக்கே முதலிடம்' என்பது நியாயமான விதியாகத்தான் தெரியும். அதன்படி நான்கு டிரம்மிலும் சின்ன லாட்கள் ஏறும். பெரியது 7 மணிக்கு ஏறி மாலை 5 மணிக்கு இறங்கும். அரை மணி நேரம் தாமதம்! இத்தனைக்கும் 7 மணியிலிருந்து மூன்று டிரம்கள் சும்மா நிற்கின்றன. ஒரு லாட்டைப் பிரித்துப் பல டிரம்மில் போட்டாலும் மருந்து ஊறும் நேரம் குறையாதே.

இப்போது பெரிய லாட்டுக்கு ஒரு டிரம்மை ஒதுக்கிவிடுங்கள். 6 மணிக்கு ஏறியது 4 மணிக்கு முடியும். சின்ன நான்கும் இன்னொரு டிரம்மில் வரிசையாக ஓடி 10 மணிக்கே முடிந்துவிடும். நான்கு டிரம்மில் தவறிய கெடு, இரண்டே டிரம்மில் கைகூடுகிறது.

மல்டிகோர் கணினியிலும் இதேதான் நடக்கும். 1978இல் சுதர்சன் தாலும் சி.எல். லியுவும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்றும் 'தால் விளைவு' என்றே இது சொல்லப்படுகிறது.

அப்படின்னா ஆளுக்கொரு கோர் ஒதுக்கிவிடலாமா?

பல இடங்களில் அதுதான் வழி. ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. எல்லாக் கோர்களும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே குழாயில் நான்கு வீடு தண்ணீர் பிடிப்பதைப் போல, பக்கத்து கோர் அதிகம் இழுத்தால் எச்சரிக்கை வேலையும் தாமதமாகும். அதனால் சராசரி நேரத்தை நம்பக் கூடாது; மிக மோசமான நிலையில் எவ்வளவு நேரமாகும் என்பதை வைத்தே திட்டமிட வேண்டும்.

இதில் பாலாற்றங்கரைக்கு என்ன இருக்கிறது?

2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் உயிரிழந்தனர். அது கணினி செய்த பிழை அல்ல. ஆனால் தொட்டி ஓரத்தில் வேலை செய்பவருக்கும், ஆற்றோரக் கிணற்றை நம்பியிருப்பவருக்கும் தாமதம் என்றால் என்ன அர்த்தம் என்பதை அது காட்டியது.

சர்வருக்கு எண்களை அனுப்புவது ஒரு வேலை. ஆபத்து நேரத்தில் பம்பை நிறுத்துவது வேறு வேலை. முதலாவது நடந்தால் பதிவேடு நிரம்பும். இரண்டாவது நடந்தால்தான் ஆபத்து தடுக்கப்படும். 'ரியல் டைம்' என்று சொல்லி ஒரு கருவி வரும்போது எத்தனை கோர் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: ஒவ்வொரு வேலைக்கும் கெடு என்ன? மோசமான நிலையில் எவ்வளவு நேரமாகும்? சுமை கூடினால் எந்த வேலை முதலில் கைவிடப்படும்? கடைசிக் கேள்விக்கு 'எச்சரிக்கை மணி' என்று பதில் வந்தால், அந்தக் கருவி எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.